புதிய கணினியில் வேண்டாத மென்பொருள்களை நீக்குவது எப்படி?

வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் விண்டோஸ் லேப்டாப், வெறும் விண்டோஸுடன் மட்டும் நம் கைக்கு வருவது அரிது. சில நாள்களுக்கு மட்டும் இலவசமாக இயங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள், விளையாட்டுகள், சலுகை விளம்பரங்களைக் காட்டும் செயலிகள், தயாரிப்பாளரின் சொந்த உதவி மென்பொருள்கள் எனப் பலவும் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டுவிடுகின்றன. கணினி விற்பனையில் லாபம் குறைவு என்பதால், இவற்றை ஏற்றித் தருவதற்கு மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கும் பணம் தயாரிப்பாளர்களுக்குத் தனி வருமானமாகிறது. வங்கிக் கணக்கையோ வருமான வரிக் கணக்கையோ அந்தக் கணினியில் திறப்பதற்கு முன்பே இவற்றை அகற்றிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வேகம் குறைவதும் இடம் அடைபடுவதும் மட்டுமே இதில் உள்ள சிக்கல் அல்ல. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. நாம் பார்க்கும் இணையப் பக்கங்களுக்குள் விளம்பரங்களைச் செருகுவதற்காக, அது தன்னுடைய பாதுகாப்புச் சான்றிதழ் (ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிசெய்வது) ஒன்றை விண்டோஸின் நம்பகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, வங்கித் தளங்கள் உட்பட, மறையாக்கம் செய்யப்பட்ட (பிறர் படிக்க முடியாதபடி தகவல் மாற்றி அனுப்பப்படும்) தளங்களின் சான்றிதழ்களுக்குப் பதிலாகத் தன் சான்றிதழைக் காட்டியது. எல்லாக் கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி பயன்படுத்தப்பட்டதால், அதைக் கண்டுபிடித்த எவரும் அதே வைஃபையில் இருப்பவரிடம் போலித் தளத்தை உண்மையானதுபோல் காட்ட முடியும் என்ற நிலை ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இது அம்பலமானது. மென்பொருளை நீக்கிய பின்னும் சான்றிதழ் கணினியிலேயே தங்கியிருந்ததால் அதைத் தனியாக அகற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடர்ந்த வழக்கு 2017 செப்டம்பரில்தான் சமரசத்தில் முடிந்தது.

எதையும் நீக்குவதற்கு முன் சில முன்னேற்பாடுகள் தேவை. விண்டோஸ் அப்டேட்டை முழுமையாக முடித்துவிடுங்கள். பாதி அப்டேட்டில் இருக்கும் கணினியில் நீக்கும் வேலையைத் தொடங்கினால் இரண்டும் குழம்பும். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்நுழைந்திருந்தால், பல விண்டோஸ் 11 லேப்டாப்களில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடும். விண்டோஸ் கேட்கும்போது அந்த வட்டைத் திறக்க உதவும் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு காகிதத்தில் எழுதி, கணினி வாங்கிய ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்ற பட்டியலைத் திறந்து, நிறுவப்பட்ட தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். நீங்கள் கணினியைத் திறப்பதற்கு முந்தைய தேதியைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் தொழிற்சாலையில் ஏற்றப்பட்டவை. பழைய கண்ட்ரோல் பேனலில் உள்ள புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் பட்டியல் ஒவ்வொன்றையும் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் காட்டும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் நீக்க வேண்டியது சோதனைக் காலத்துக்கு வந்த வைரஸ் தடுப்பு மென்பொருளை. பெரும்பாலும் அது மெக்காஃபியாகவோ நார்ட்டனாகவோ இருக்கும். சோதனைக் காலம் முடிந்ததும் 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்ற வகையில் எச்சரிக்கைகள் வரத் தொடங்கும். வீட்டிலுள்ள பெரியவர்கள் அதை நம்பிப் பணம் கட்டிவிடக்கூடும். அதன் சந்தாவுக்கு ஏற்கெனவே கார்டு விவரம் கொடுத்திருந்தால், மென்பொருளை நீக்குவதால் மட்டும் பணம் பிடித்தம் நிற்காது. அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் தானியங்கிப் புதுப்பித்தலை முதலில் நிறுத்துங்கள். பிறகு அன்இன்ஸ்டால் கொடுங்கள். இடையில் தள்ளுபடி தருவதாகவோ பாதுகாப்பு போய்விடும் என்றோ ஒரு திரை வந்தால் நிதானமாகப் படித்து, நீக்குவதைத் தொடரும் பொத்தானையே அழுத்துங்கள். முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பாருங்கள். வேறு வைரஸ் தடுப்பு இல்லாதபோது அது தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும்; சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும். பழைய மென்பொருளின் மிச்சங்கள் இன்னும் தென்பட்டால், அதே நிறுவனம் தன் தளத்தில் இலவசமாகத் தரும் நீக்கல் கருவியைப் பயன்படுத்துங்கள்.

விளையாட்டுகள், சலுகைச் செயலிகள் ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். தயாரிப்பாளரின் மென்பொருள்களில் மட்டும் கவனம் தேவை. லெனோவோ வான்டேஜ், மைஆசஸ் போன்றவற்றின் வழியாக, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டும், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதியும் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வாரண்டியைப் பதிவு செய்யச் சொல்லியும் கருத்துக் கேட்டும் தொந்தரவு செய்யும் மற்றவற்றை அகற்றிவிடலாம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் பெயர்களில் உள்ளவை, டச்பேட் தொடர்பானவை, மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++, வெப்வியூ ஆகியவற்றைத் தொடாதீர்கள்; கணினியின் பாகங்களும் மற்ற செயலிகளும் இயங்க இவை தேவை. சில லேப்டாப்களின் விலையிலேயே ஆஃபிஸ் உரிமமும் அடங்கியிருக்கும். குறிப்பிட்ட காலத்துக்குள் அதைச் செயல்படுத்தாவிட்டால் உரிமை போய்விடக்கூடும் என்பதால், பெட்டியிலும் ரசீதிலும் உள்ள விவரத்தைப் பார்க்காமல் ஆஃபிஸை நீக்கிவிட வேண்டாம்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உடனே அதை நீக்கிவிடக் கூடாது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்களை அது ஏற்கெனவே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதன் செட்டிங்ஸில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்தி, கோப்புகள் எல்லாம் கணினியிலேயே இருக்கின்றன என்று திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகே நீக்குங்கள்.

'ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறோம்' என்று சொல்லும் கிளீனர்களையும், இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளையும் (தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்புகள்) நான் பரிந்துரைக்கவில்லை. அவை தேவையான பகுதிகளையும் சேர்த்து அகற்றிவிடலாம். பிறகு எது போனது என்று கண்டறிவதே பெரும்பாடாகிவிடும். அதேபோல, உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கணினியில் திருட்டு ஆஃபிஸும், உரிமம் இல்லாத மென்பொருளை இயங்கவைக்கும் ஆக்டிவேட்டர்களும் போடப்பட்டிருந்தால், அவையே தொழிற்சாலையில் ஏற்றப்பட்டவற்றைவிட ஆபத்தானவை. எனிடெஸ்க் போன்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளைக் கடைக்காரர் விட்டுச் சென்றிருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திருப்தி இல்லையென்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே முழுமையான வழி. கணினியிலேயே உள்ள ரீசெட் வசதி சில நேரங்களில் பழைய மென்பொருள்களையே திரும்பக் கொண்டுவந்துவிடும் என்பதால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு, குறைந்தது 8 ஜிபி அளவுள்ள காலிப் பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப்பில் உரிமச் சாவி பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஹோம் பதிப்புடன் வந்த கணினியில் ஹோம் பதிப்பையே நிறுவினால் இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயல்படும். தொடங்குமுன் வைஃபை டிரைவரையும் (வைஃபை பாகத்தை விண்டோஸ் பயன்படுத்த உதவும் மென்பொருள்), இன்டெல் கணினியாக இருந்தால் வட்டுக்கான ஆர்எஸ்டி டிரைவரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி இன்னொரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எஸ்டி டிரைவர் இல்லாததால் நிறுவும் திரையில் வட்டே தென்படாமல் திகைப்பவர்கள் பலர். வட்டின் பிரிவுகளான பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்தால் தயாரிப்பாளரின் மீட்புப் பகுதியும் போய்விடும். அது வேண்டுமென்றால் முன்கூட்டியே மீட்புப் பென்டிரைவ் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். நிறுவி முடித்த பின் தயாரிப்பாளரின் மென்பொருளை ஏற்றட்டுமா என்று கேட்கும் ஜன்னல் தானாகத் தோன்றினால், அது பயாஸிலிருந்து வருகிறது. வேண்டாம் என்று மறுத்துவிட்டு, பயாஸில் அதற்கான அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.