ஹைரூலில் கட்டத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹைரூல் என்ற கற்பனை நாட்டில் லிங்க் என்ற வீரனாக நாம் உலவும் ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ என்ற வீடியோ விளையாட்டு 2023 மே 12 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வெளிவந்தது. 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 பதிப்பு வந்த பிறகே அதை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்கள் என் உறவிலும் நட்பிலும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் அமர்ந்து பார்க்கும்போது, வெளிவந்த புதிதில் நானும் என்னுடன் விளையாடியவர்களும் செய்த தவறுகள் ஏறக்குறைய அதே வரிசையில் மீண்டும் நிகழ்வதைக் காண்கிறேன். பாராகிளைடரைப் பெறாமல் ஊர் சுற்றுவது, சமைத்த உணவின்றிச் சண்டைக்குப் போவது, மழையில் பாறை ஏறுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை விளையாட்டே ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடும். பொருள்களை ஒட்டும் அல்ட்ராஹேண்ட், ஆயுதத்தோடு பொருளை இணைக்கும் ஃபியூஸ், கூரையைத் துளைத்து மேலேறும் அஸெண்ட், ஒரு பொருளின் நகர்வைப் பின்னோக்கி ஓட்டும் ரீகால், கட்டியதை மறுபடி கட்டித்தரும் ஆட்டோபில்ட் ஆகிய படைக்கும் ஆற்றல்களில், யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் நெடுங்காலம் தொடரக்கூடிய தவறுகளை மட்டுமே சொல்கிறேன்.

கட்டி முடித்த பிறகே சோதித்துப் பார்ப்பது

அல்ட்ராஹேண்டால் ஒரே கட்டுமானத்தில் 21 பொருள்கள் வரை ஒட்டலாம். அந்த எல்லையைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை புதியவர்களுக்கு முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. நண்பர் ஒருவர் ஏரிக்கரையில் பலகைகளை அடுக்கி, அவற்றின் பின்புறம் ஆறு ஃபேன்களையும் ஓர் ஓரத்தில் ஸ்டீரிங் ஸ்டிக்கையும் ஒட்டி, வெகுநேரம் உழைத்து ஒரு படகைக் கட்டினார். நீரில் இறக்கியதும் அது இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. இடதுபுற ஃபேன்கள் வலதுபுறத்தவற்றைவிட விளிம்புக்கு அருகில் இருந்தன. போதாதற்கு ஓட்டுபவரின் எடையும் ஒரு பக்கமாகவே விழுந்தது. அவர் விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தார்.

கோளாறு எதுவும் இல்லை. 2024-ஆம் ஆண்டு விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இதன் இயற்பியல் நிரலாளர் தகாஹிரோ தகாயாமா பேசியபோது, விளையாட்டாளர் எதையும் எதனோடும் ஒட்டலாம் என்றானதும் உலகம் ஓயாமல் உடைந்துகொண்டிருந்தது என்றும், எல்லாப் பொருள்களையும் இயற்பியல் விதிகளுக்கே முழுமையாக உட்படுத்திய பிறகுதான் அது சீரானது என்றும் விளக்கினார். ஆகவே எடை, சமநிலை, விசையின் திசை ஆகியவை இங்கே உண்மையாகவே கணக்கிடப்படுகின்றன. இரண்டு ஃபேன்களை ஒட்டியதும் ஆயுதத்தால் ஒன்றைத் தட்டி ஓடவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். சரியில்லை என்றால் கையில் உள்ள கன்ட்ரோலரின் வலது ஸ்டிக்கைக் குலுக்கிப் பிரித்து மாற்றி ஒட்டுவதற்கு நொடிகள்தான் ஆகும். ஆறு ஃபேன்களை ஒட்டிய பிறகு எது தவறு என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். மேலும், ஓடும் ஃபேன் ஒவ்வொன்றும் பேட்டரியைக் குடிக்கிறது. நண்பரின் படகில் இரண்டு ஃபேன்களே ஏரியைக் கடக்கப் போதுமானவையாக இருந்தன.

இரவல் ஹோவர்பைக்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதன்மீது எரிச்சல் தீரவில்லை.

இரண்டு ஃபேன்கள், நடுவில் ஒரு ஸ்டீரிங் ஸ்டிக்: மூன்றே பொருள்களால் ஆன இந்தப் பறக்கும் வண்டி விளையாட்டு வெளிவந்த சில வாரங்களுக்குள் உலகெங்கும் பரவியது. மிகக் குறைந்த பேட்டரியில் மிக நீண்ட தூரம் போகக்கூடிய, உண்மையிலேயே சிறப்பான வடிவம் அது. அதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஃபேனின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்து, பலமுறை விழுந்து எழுந்து, அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று புதிதாகத் தொடங்குபவர் விளையாட்டு தொடங்கும் வானத் தீவை விட்டு இறங்கும் முன்பே காணொளியில் அதைப் பார்த்துவிடுகிறார். பிறகு அவருடைய ஒரே நோக்கம் பாதாளத்தில் உள்ள பெரிய கைவிடப்பட்ட மத்தியச் சுரங்கத்துக்குப் போய் ஆட்டோபில்டைப் பெற்று, அந்த வண்டியைப் பிடித்தமானவை வரிசையில் சேமித்துவிடுவதாக ஆகிவிடுகிறது. அதன் பின் ஆறானாலும் மலையானாலும் அவரிடம் இருப்பது ஒரே விடைதான்.

முதல் இழப்பு கணக்கில் தெரியும். ஆட்டோபில்ட் ஒன்றைக் கட்டும்போது அருகில் கிடக்கும் பொருள்களை முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லாத பொருள் ஒவ்வொன்றுக்கும் ஸோனைட் என்ற தாதுவில் 3-ஐச் செலவழித்துப் பச்சை நிறத்தில் ஒன்றை உருவாக்குகிறது. வெறுங்கையோடு ஒரு ஹோவர்பைக் என்றால் 9 ஸோனைட். பார்க்கச் சிறு தொகைதான். ஆனால் அதிலிருந்து இறங்கித் தொலைவு போய்விட்டால் வண்டி மறைந்துவிடும். வேறொன்றை ஆட்டோபில்டால் கட்டினாலும் பழையதன் பச்சைப் பாகங்கள் மறைந்துவிடும். ஒரு மாலைப்பொழுதில் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பவர் தம்மை அறியாமலேயே பெரும் தொகையைக் கரைத்துவிடுகிறார். அதே ஸோனைட்டைக் கொடுத்துத்தான் பேட்டரியைப் பெரிதாக்கும் படிக மின்னூட்டங்களை வாங்க வேண்டும். அப்படிப்பட்ட படிகங்கள் 100 சேர்ந்தால்தான் பேட்டரியில் ஒரு பங்கு கூடும். வண்டிக்காகத் தாதுவைச் செலவழிப்பவரின் பேட்டரி வளர்வதில்லை. பேட்டரி வளராததால் வண்டி பாதி வழியில் நின்று விழுகிறது. விழுந்ததும் அவர் மீண்டும் 9 ஸோனைட்டைச் செலவழிக்கிறார். இந்தச் சுழலில் பல வாரங்கள் சிக்கியிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய புகார் எப்போதும் பேட்டரி சிறியது என்பதாகவே இருக்கும்.

இரண்டாவது இழப்பு இதைவிடப் பெரியது. என் அக்கா மகன் ஹைரூல் சமவெளியில் ஆற்றங்கரையோரம் பெரிய மூட்டையோடு மல்லாந்து கிடக்கும் ஒரு கொரோக்கை, அதாவது காட்டுக் குட்டித் தேவதையை, கண்டான். அக்கரையில் புகை கிளம்பும் இடத்தில் அதன் நண்பன் காத்திருக்கிறான். கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டு கொரோக் விதைகள் கிடைக்கும். பக்கத்திலேயே மரங்கள் நின்றன. நான்கை வெட்டி ஒட்டினால் தெப்பம். நீளவாக்கில் ஒட்டினால் பாலம். அவன் அவற்றைப் பார்க்கவே இல்லை. ஹோவர்பைக்கை வரவழைத்து, கொரோக்கை அதன் ஒரு பக்கத்தில் ஒட்டினான். வண்டி எழுந்ததும் சாய்ந்து ஆற்றில் விழுந்தது. மீண்டும் வரவழைத்தான், மறுபக்கத்தில் ஒட்டினான், அப்போதும் விழுந்தது. சாய்ந்தால் எப்படிச் சரிசெய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வண்டி ஏன் சாயாமல் பறக்கிறது என்பதை அவன் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அன்றே அவன் ஜியோஸின் ஷ்ரைன் என்ற புதிர்க்கூடத்துக்குள் போனான். அங்கே விநோத வடிவக் கட்டைகளை அல்ட்ராஹேண்டால் திருப்பி, சுவரில் உள்ள துளைக்குப் பொருந்துமாறு செருக வேண்டும். “மாமா, இதுல ஃபேனே குடுக்கலையே” என்றான். ஷ்ரைன்களில் தரப்பட்டிருக்கும் பொருள்களே விடைக்குரிய பொருள்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அங்கே எடுபடாது. நம்மிடமுள்ள ஆயுதத்தையும் உடையையும்கூட வாங்கிவைத்துவிட்டு உள்ளே விடும் சோதனைக்கள ஷ்ரைன்களும் உண்டு. அடிப்படைத் திருப்பங்களைச் செய்து பழகாதவர் அங்கேயெல்லாம் தடுமாறுகிறார், பிறகு ஷ்ரைன்கள் சலிப்பூட்டுகின்றன என்று விட்டுவிடுகிறார். இந்த விளையாட்டில் 152 ஷ்ரைன்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுவது, முடிப்பதால் கூடும் உயிர் இதயங்களையும் ஸ்டாமினா என்ற உடல்வலுவையும் விட்டுவிடுவதாகும்.

மூன்றாவதாக, உயரத்தில் பறப்பவருக்குக் குகைகளும் கிணறுகளும் தென்படுவதில்லை. பாதாளத்திலும் அப்படித்தான். இருளில் ஒளி தரும் வேரான ஒரு லைட்ரூட்டிலிருந்து அடுத்த லைட்ரூட்டுக்கு நேர்கோட்டில் பறப்பவர், கீழே இருளில் நிற்கும் மறைந்த வீரர்களின் ஆவியுருக்களைக் கடந்துவிடுகிறார். சிதைவுறாத ஆயுதங்கள் அந்த உருவங்களின் கைகளில்தான் இருக்கின்றன. தரையில் நடந்தால்தான் கண்ணில் படும். ஸோனைட் பாறைகளும் அதே தரையில்தான் இருக்கின்றன. ஸோனைட் போதவில்லை என்று வருந்துகிறவர் அதன்மேலேயே பறந்துகொண்டிருக்கிறார்.

ஹோவர்பைக்கைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் பேட்டரியைச் சில பங்குகளாவது கூட்டுங்கள். இரண்டு ஃபேன்களையும் ஒரு ஸ்டீரிங் ஸ்டிக்கையும் எடுத்து, எந்தக் காணொளியையும் பார்க்காமல், நீங்களே ஒட்டிப் பறக்கவிட்டுப் பாருங்கள். முதலில் கவிழும். ஸ்டிக் நடுவில் இல்லாததாலா, முன் ஃபேனின் சாய்வு போதாததாலா என்று ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி பாருங்கள். அது நேராகப் பறந்த கணத்திலிருந்து, கொரோக்கை ஏற்றினால் எதிர்ப்பக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதன் பிறகு தாராளமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிடித்தமானவை வரிசையில் எட்டு இடங்கள் இருக்கின்றன, எட்டையும் உங்கள் சொந்த வடிவங்களால் நிரப்ப முடியும்.

ஸோனாய் சிறகை நம்பி நெடுந்தூரம் போவது

போகாதீர்கள். சறுக்கிப் பறக்க உதவும் அந்தச் சாதனம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மின்னத் தொடங்கி, மறைந்துவிடும்.

கொம்புகளைப் பூட்டி வைப்பது

பேரெழுச்சி என்ற பேரழிவில் ஹைரூலின் ஆயுதங்கள் எல்லாம் சிதைந்துவிட்டன என்பது கதை. அதனால் வெறும் வாளைவிட, அதோடு ஃபியூஸ் செய்யும் பொருளே பெரும்பாலும் வலிமையைத் தீர்மானிக்கிறது. இது தெரிந்தும் புதியவர்கள் எதிரிகளிடமிருந்து கிடைக்கும் நல்ல கொம்புகளைப் பெரிய சண்டைக்கென்று ஒதுக்கிவைத்து, மரக்கிளையால் போராடி, பத்து அடியில் முடிய வேண்டிய சண்டையை முப்பது அடிக்கு இழுத்து, வேறு இரண்டு ஆயுதங்களையும் உடைத்துக்கொள்கிறார்கள். எதிரிகள் அவ்வப்போது எழும் இரத்த நிலவில் திரும்பி வருவார்கள், கொம்புகளும் அவர்களோடு திரும்பி வரும்.

கவனிக்க வேண்டியது அடி ஆயுதத்தைத்தான். கெருடோ ஆயுதங்கள் ஃபியூஸ் செய்த பொருளின் வலிமையைப் பெருக்கித் தருகின்றன, ஆனால் விரைவில் உடைகின்றன. ஸோரா ஆயுதங்கள் நனைந்திருக்கும்போது வலிமை கூடுகின்றன. நைட் (Knight) ஆயுதங்கள் ஒரே இதயம் மிஞ்சியிருக்கும்போது இரட்டிப்பாகத் தாக்கும். இவற்றைப் படித்துப் பார்க்காமல் கைக்குக் கிடைத்த முதல் ஆயுதத்தில் லைனல் என்ற வலிய எதிரியின் கொம்பைப் பொருத்திவிட்டுப் பிறகு வருந்துபவர்கள், பட்டியலில் போய்ப் பிரித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பொருள் அழிந்துவிடும். டாரி டவுன் என்ற ஊரில் ஒரு கோரான் இனச் சிறுவன் 20 ரூப்பி (விளையாட்டின் நாணயம்) வாங்கிக்கொண்டு ஆயுதத்தையும் பொருளையும் சேதமின்றிப் பிரித்துத் தருகிறான். விலையுயர்ந்த பொருளை எங்கேயும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம், அவனிடம் போங்கள்.

கேப்ஸ்யூல்களைச் சேர்த்துவைப்பது

ஃபேன், சிறகு போன்ற சாதனங்களை அடைத்துத் தரும் உருண்டைகள் இவை. தந்த இயந்திரம் மறுபடியும் தரும். செலவழியுங்கள்.

ரீகாலை மறந்துவிடுவது

இந்த ஆற்றல்களில் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது இதுதான். எதிரி எறிந்த பாறையைத் திருப்பி அனுப்புவதற்கு என்று மட்டும் பலர் இதை நினைத்துக்கொள்கிறார்கள். அல்ட்ராஹேண்டோடு சேரும்போதே இதன் அருமை தெரியும். ஒரு பலகையை அல்ட்ராஹேண்டால் தூக்கி, நீங்கள் ஏற விரும்பும் உயரத்தில் சிறிது நேரம் பிடித்திருந்து, மெதுவாக மீண்டும் காலடியில் வைத்துவிட்டு, அதன்மேல் நின்று ரீகாலைப் பயன்படுத்தினால், பலகை வந்த வழியே உங்களைச் சுமந்துகொண்டு உயரும். ஃபேன், ராக்கெட், பேட்டரி எதுவும் செலவாகாது. பள்ளத்தைக் கடக்கவும் இதே முறை உதவும்: பலகையை அக்கரை வரை நீட்டி, திரும்ப இழுத்து, ஏறி நின்றால் போதும்.

தோழி ஒருவரின் மகள், யாரும் சொல்லித்தராமல், ஒரு ஷ்ரைனுக்குள் இதைத் தானாகவே கண்டுபிடித்தாள். வடிவமைத்தவர்கள் நினைத்த விடை வேறு. அவள் விடையும் கதவைத் திறந்தது. அவளுக்கு அப்போது ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான், காணொளியைப் பார்த்துவிட்டு ஷ்ரைனுக்குள் போகிறவர்களைத் தடுக்க நான் இன்னும் கண்டிப்பாகப் பேச ஆரம்பித்தேன்.

குகையிலிருந்து நடந்து வெளியேறுவது

குகையின் கடைசி அறையில் பப்புல் தவளையை அடித்து முடித்ததும், வந்த வழியையே தேடி நடப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அஸெண்ட் பிறந்ததே இதற்காகத்தான்: உருவாக்கும் காலத்தில் குகைகளைச் சோதித்தவர்கள் ஆழத்திலிருந்து நடந்து திரும்பும் சிரமத்தைத் தவிர்க்க வைத்திருந்த ஒரு சோதனைக் குறுக்குவழியே பின்னர் விளையாட்டாளருக்கான ஆற்றலானது என்று தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமாவும் இயக்குநர் ஹிதேமரோ ஃபுஜிபயாஷியும் பேட்டியில் கூறியிருக்கிறார்கள். கூரை எட்டாத உயரத்தில் இருந்தால் தாழ்வான இடம் ஒன்றைத் தேடி அண்ணாந்து பாருங்கள், பச்சை வட்டம் தெரிந்தால் ஏறலாம். மேலே தலையை நீட்டியதும் லிங்க் உடனே வெளியே குதித்துவிடுவதில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, எதிரிகள் நின்றால் பி பொத்தானை அழுத்திக் குகைக்கே திரும்பிவிடலாம்.