ஹெல்ப்லைனில் தொண்டு செய்ய வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வில் தோற்ற பிள்ளை ஒன்று உயிரை விட்டதாகச் செய்தி வந்தால், அன்றைக்கு நம்மில் பலருக்கு மனசு ஆறாது. நாமும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றும். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்த எண்ணைப் பார்த்துப் பதறுவது நியாயம்தான். ஆனால் அதே பதற்றத்தோடு தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன் போனை எடுத்தால், கூப்பிட்டவருக்கு அது சுமையாகிவிடும். புதிதாக வரும் தொண்டர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, எதிரில் இருப்பவரின் துயரத்தைச் சீக்கிரம் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் பிறக்கின்றன.

வருவதற்கு முன்பே ஒரு தவறான எண்ணம் பலருக்கு உண்டு: இது உளவியல் படித்தவர்களின் வேலை, நமக்கு ஒத்துவராது என்பது. இந்தச் சேவை தொடங்கிய கதையே அதற்குப் பதில். 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் தேடி வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களோடு சாதாரணத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசியதிலேயே மனபாரம் இறங்கி, அவரைப் பார்க்காமலே திரும்பியவர்கள் பலர். அதைக் கவனித்த அவர், அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. இலங்கையில் 1974-இல் தொடங்கிய சுமித்ரயோ, சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா இரண்டும் அதே வழியில் வந்தவை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களே அங்கே போனை எடுக்கிறார்கள். எனவே பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பயிற்சியே வேண்டாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. “எனக்கு இயல்பாகவே நன்றாகப் பேச வரும்” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலைதான், ஏனென்றால் இங்கே வேலை பேசுவது இல்லை.

இன்னொன்றைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, சொல்லாமலும் இருக்க முடியாது. வீட்டில் ஒருவரைத் தற்கொலைக்கு இழந்தவர்கள், அந்தக் காயம் ஆறுவதற்குள் தொண்டு செய்ய வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த அழைப்பில் கேட்கும் குரல் தம்பியின் குரலைப் போலவே இருந்தால் என்ன செய்வது? அதனால்தான் நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். கொஞ்ச காலம் பொறுத்து வாருங்கள் என்று சொன்னால், உங்களை நிராகரித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

இனி போனுக்கு வருவோம். பயிற்சியில் ஒருவர் கூப்பிடுகிறவராகவும் இன்னொருவர் தொண்டராகவும் நடித்துப் பார்ப்பது உண்டு. அப்படி ஒன்று:

“ஹலோ…” நீண்ட அமைதி. “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்.”

இந்த இடத்தில் புதியவர் வாய் திறந்துவிடுவார். “சும்மா எதுக்கு கூப்பிடுவீங்க, ஏதோ இருக்குல்ல, தைரியமா சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்.” கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச வந்தவருக்கு இடமே விடாமல் நாம் நிரப்பிவிட்டோம். அனுபவம் உள்ளவர் வேறு மாதிரி பேசுவார்: “சரி. கூப்பிட்டது நல்லது. நான் இங்கேதான் இருக்கேன், மெதுவா பேசலாம்.” அதோடு நிறுத்திவிடுவார். அரை நிமிடம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு வரும்: “ரிசல்ட் வந்துருச்சு. வீட்ல இன்னும் சொல்லல.”

அடுத்த தவறு இங்கேதான் நடக்கிறது. “இதுக்குப் போயா? துணைத்தேர்வுல எழுதிக்கலாமே”, “அம்மா அப்பா எவ்ளோ கஷ்டப்பட்டுப் படிக்க வச்சாங்க, அவங்களை நெனச்சுப் பாருங்க”, “உங்களைவிட கஷ்டப்படுறவங்க எத்தனை பேர் இருக்காங்க” என்றெல்லாம் நம் நாக்கில் தயாராக நிற்கும். நாம் வளர்ந்த வீடுகளில் ஆறுதல் என்றால் இதுதான். ஆனால் அந்தப் பையன் ஏற்கெனவே அம்மாவை நினைத்துத்தான் குமுறிக்கொண்டிருக்கிறான். அதையே நாமும் சொன்னால் அவனுடைய குற்ற உணர்ச்சி இன்னும் ஏறும். பிரச்சினை சின்னது என்று சொன்னால், “இவங்களுக்கும் புரியல” என்று போனை வைத்துவிடுவான். துணைத்தேர்வு பற்றிய தகவல் அவனுக்கு உதவும், சந்தேகமில்லை. தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் விரைவிலேயே எழுத வழிசெய்த ஏற்பாடு பல உயிர்களுக்குத் துணையாக இருக்கிறது. ஆனால் அதை இருபதாவது நிமிடத்தில் சொல்லலாம். முதல் நிமிடத்தில் சொன்னால் அது காதில் ஏறாது.

முறை வைத்துக் கூப்பிடுவதிலும் கவனம் வேண்டும். கல்லூரி மாணவரின் குரல் கேட்டதும் “தம்பி” என்று ஆரம்பித்தால், நாம் அண்ணனாகிவிடுவோம், அண்ணனுக்கு உரிய அறிவுரையும் பின்னாலேயே வந்துவிடும். பெரியவர்களின் கண்டிப்புக்குப் பயந்துதான் அவர் வெளியே ஓர் எண்ணைத் தேடியிருப்பார். “நீங்க” என்பதே போதும். அவராகவே “அக்கா” என்று கூப்பிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுவது. “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று புதியவர்கள் நடுங்குகிறார்கள். அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாரிடமும் சொல்ல முடியாததை ஒருவர் சாதாரணக் குரலில் கேட்கும்போது பலருக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வரும். “தப்பா எதுவும் நெனைக்கலியே?” என்று சுற்றிவளைத்துக் கேட்டால், “இல்லை” என்ற பதிலைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிடும், அதையே சொல்லுவார். “ஆமாம்” என்ற பதில் வந்தால் எப்போது, எப்படி, கையருகில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். உடனடி ஆபத்து என்று தெரிந்தால் தனியாக முடிவெடுக்காமல் மையத்தின் நடைமுறைப்படி மூத்த தொண்டரை அழைக்க வேண்டும். 108-க்குச் சொல்வது, குடும்பத்தாரில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்ப்பது எல்லாம் அந்த நடைமுறையின்படி நடக்க வேண்டியவை.

“சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தொண்டருக்குச் சட்டம் தெரியாவிட்டால் மழுப்புவார், அந்த மழுப்பல் பயத்தை வளர்க்கும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கவோ வற்புறுத்தவோ செய்யப்படும் தற்கொலை முயற்சி மட்டுமே அதில் குற்றமாக இருக்கிறது.

மனம் இளகிச் சொந்த மொபைல் எண்ணைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். நள்ளிரவில் அவர் கூப்பிடும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள், எடுக்கப்படாத அந்த அழைப்பு அவருக்கு இன்னொரு கைவிடலாகும். மையத்தின் எண் என்றால் உங்கள் ஷிப்ட் முடிந்த பிறகும் அங்கே ஓர் ஆள் இருப்பார். ஷிப்டுக்கு வராமல் இருப்பதும் அதனால்தான் பெரிய பிழை. தீபாவளி, பொங்கல் நாட்களில் நாற்காலி காலியாக இருந்தால், ஊரே கொண்டாடும்போது தனியாக இருப்பவருக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். மாதம் இரண்டு ஷிப்ட்தான் முடியும் என்றால் இரண்டை மட்டும் ஒப்புக்கொண்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள்.

கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். “பேர் சொல்லாமல்தானே சொன்னேன்” என்பதில்தான் வழுக்குகிறது. ஊர், வேலை, வீட்டுச் சண்டை மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊர்களில் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணவன் மனைவியிடமும் வேண்டாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வேண்டாம். பாரம் தாங்கவில்லை என்றால் சக தொண்டரிடம் மையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அதைச் செய்யாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்பவர்கள் சில மாதங்களில் சோர்ந்து விலகிவிடுகிறார்கள்.

போன் எடுக்க முடியாதவர்களும் உதவலாம், அதிலும் சில தவறுகள் உண்டு. பழைய துணி, அன்னதானம் என்று கொண்டுவருவதைவிட மாதாமாதம் ஒரு சிறு தொகை பெரிய உதவி. மையத்தின் செலவு வாடகை, போன் பில், கரண்ட், பயிற்சி என்று சலிப்பூட்டும் விஷயங்களில்தான் போகிறது, அவற்றுக்கு யாரும் எளிதில் நன்கொடை தருவதில்லை.

எண்ணைப் பரப்புகிறவர்கள் முதலில் அதைச் சரிபாருங்கள். எத்தனையோ ஆண்டுகளாகச் சுற்றும் வாட்ஸ்அப் பட்டியல்களில் நின்றுபோன எண்களும் இருக்கின்றன. கடைசி முயற்சியாகக் கூப்பிடுகிறவருக்கு “இந்த எண் உபயோகத்தில் இல்லை” என்ற பதில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமைப்பின் இணையதளத்தில் எண்ணையும் நேரத்தையும் பாருங்கள். வேலை செய்கிறதா என்று கூப்பிட்டுப் பார்த்து லைனை அடைக்க வேண்டாம். சினேகாவின் எண் 044-24640050. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் எண் 14416, அது 24 மணி நேரமும் இயங்குகிறது. அதில் பேசுகிறவர்கள் பணியமர்த்தப்பட்ட ஆலோசகர்கள், மருத்துவ உதவி தேவைப்பட்டால் மனநல நிபுணர்களிடம் இணைப்பார்கள்.

பள்ளியில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் தலைமையாசிரியர் அறைக்கு எதிரில் இருக்கும் அறிவிப்புப் பலகையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அங்கே நின்று எந்த மாணவியும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள மாட்டாள். கழிப்பறைக் கதவின் உட்புறம், பஸ் பாஸ் அட்டையின் பின்பக்கம், நோட்டுப் புத்தகத்தின் கடைசி அட்டை என்று யாரும் பார்க்காமல் எண்ணைப் படிக்கக்கூடிய இடமாகப் பாருங்கள். ரிசல்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுங்கள்.