தண்டனை முடிந்து வந்தவர் வாக்குரிமையும் பாஸ்போர்ட்டும் பெற

புழல் சிறையில் தண்டனை முடித்து வந்தவர் வாக்குரிமைக்காக எந்த நீதிமன்றத்திலும் மனுப் போட வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5), சிறையிலோ போலீஸ் காவலிலோ இருக்கும் நாட்களுக்கு மட்டுமே தடை போடுகிறது. விடுதலையான அன்றே அது தீர்ந்தது. ஜாமீனில் இருப்பவரும் போய் ஓட்டுப் போடலாம். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்தத் தடை இல்லை; அதில் உள்ளே இருப்பவருக்குக்கூடத் தபால் வாக்கு உண்டு. பல குடும்பங்களுக்கு இது தெரிவதே இல்லை. உரிமையை மீட்டுத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சிக்கல் வாக்காளர் பட்டியலில்தான். சரிபார்க்க வந்த பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஆள் இல்லையென்று குறித்துப் போயிருக்கலாம். வாக்காளர் அட்டை எண்ணைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெயர் இருந்து, குடும்பம் வியாசர்பாடியிலிருந்து பெரும்பாக்கம் போயிருந்தால், முகவரி மாற்றப் படிவம் 8 கொடுங்கள். பெயரே நீக்கப்பட்டிருந்தால் மட்டும், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. பழைய முகவரியில் பெயர் இருக்கும்போதே, வேறெங்கும் இல்லையென்று உறுதிமொழி தந்து படிவம் 6 கொடுப்பது பொய்த் தகவல். அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இன்னொரு வழக்கு நமக்கு வேண்டாம்.

பதிவு செய்யாத வாடகை ஒப்பந்தம் முகவரிச் சான்றாக எடுபடாது. ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ புது முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்க மாட்டார்கள். தேர்தல் அறிவிப்புவரை காத்திருக்காதீர்கள்.

பாஸ்போர்ட்டுக்கும் தேர்தலில் நிற்பதற்கும் காலக்கணக்கு வேறு வேறு. ஒழுக்கக்கேடான (திருட்டு, மோசடி போன்ற) குற்றத்துக்கு 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, தீர்ப்பு நாளிலிருந்து 5 ஆண்டு பாஸ்போர்ட் மறுக்கலாம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நிற்க, 2 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு, விடுதலைக்குப் பின் 6 ஆண்டு தடை. 2016 மார்ச்சில் 3 ஆண்டுத் தண்டனை பெற்று 2019 மார்ச்சில் வந்தவருக்குப் பாஸ்போர்ட் தடை 2021 மார்ச்சில் தீர்ந்திருக்கும், வேட்புமனுத் தடை 2025 மார்ச் வரை நின்றிருக்கும். ஆகவே தீர்ப்பு நகல், விடுதலைச் சான்று இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

அரசு வேலைக்கான சரிபார்ப்புப் படிவத்தில் தண்டனையைக் கேட்டிருந்தால் மறைக்கவே கூடாது. மறைத்தது தெரிந்தால், சிறு வழக்காக இருந்தாலும் வேலை பறிபோகலாம். வழக்கு எண், பிரிவு, தீர்ப்புத் தேதி, தண்டனை எல்லாவற்றையும் எழுதுங்கள். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவருக்கு இல்லை. எழுத உதவி வேண்டுமென்றால் இலவச சட்ட உதவி எண் 15100.