வில்லோடு முதல் எல்க் வேட்டையா? காற்றையும் கறியையும் கவனியுங்கள்

அமெரிக்காவின் கொலராடோவில், பொதுநிலத்தில் செப்டம்பரில் எல்க் என்னும் பெரிய மானை வில்லால் வேட்டையாட, வெளிமாநிலத்தவர் ஏப்ரல் தொடக்கத்திலேயே அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 முதல் மேற்கு மலைப்பகுதி அனுமதி அவர்களுக்குக் கடையில் நேராகக் கிடைப்பதில்லை.

மலையில் காரியத்தைக் கெடுப்பது காற்றுதான்; உங்கள் வாடையை எல்க்கிடம் கொண்டுபோய்விடும். விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். காலையில் மந்தைக்குக் கீழிருந்து நெருங்குங்கள். காற்று திரும்புமுன் பக்கவாட்டில் விலகி மேலே போய்விடுங்கள். சட்டைப்பையில் டால்கம் பவுடர் குப்பி இருக்கட்டும், அடிக்கடி ஒரு சிட்டிகை ஊதிக் காற்றின் திசையைப் பாருங்கள். விலையுயர்ந்த உருமறைப்புச் சட்டையைவிட இது உதவும்.

வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கியே 80 கிலோவுக்கு மேல் கறி தேறும். தனியாளுக்கு நாலு நடையாவது ஆகும். செப்டம்பர் வெயிலில் தொடையெலும்பை ஒட்டிய கறிதான் முதலில் கெடும். உடனே தோலுரித்து, எலும்பிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் துணிப்பையில் நிழலில் தொங்கவிடுங்கள். ஆணா பெண்ணா என்று காட்டும் பாலின அடையாள உறுப்பை மட்டும் கறியோடு ஒட்டியபடியே விடுங்கள், சட்டம் கேட்கும்.