கெர்னலில் பஃபருக்கு மெமரி கேட்கும் முன்

பல வருடங்களாக லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன், அதாவது சாதனங்களை இயக்க லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் கோடு. மற்றவர்கள் எழுதிய டிரைவர் கையில் வந்தால் முதலில் தேடுவது கெர்னலுக்குள் மெமரி கேட்கும் கேமாலோக் (kmalloc) வரிகளைத்தான். தரவைத் தற்காலிகமாக வைக்கும் பஃபரை எந்த இடத்தில், எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்தாலே, அது நாள்கணக்கில் ஓடினாலும் தாங்குமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சாதாரண புரோகிராமில் மெமரி கேட்டால் கெர்னல் முதலில் முகவரியை மட்டும் கொடுத்து வைக்கும். நாம் தொடும்போதுதான் நிஜமான பக்கம் (ராமின் நிலையான அளவுத் துண்டு) வந்து சேரும். கெர்னலுக்குள் கேமாலோக் கேட்டால் அப்படி இல்லை. அந்த நொடியிலேயே நிஜ ராம் ஒதுக்கப்படும், அது வட்டில் இருக்கும் ஸ்வாப்புக்கும் போகாது. அதனால் கேட்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முதலில், கோடு ஓடும் இந்த இடத்தில் தூங்கலாமா என்று பாருங்கள். ஜிஎஃப்பி கெர்னல் என்ற கொடியோடு கேட்டால், மெமரி தட்டுப்பாடாக இருக்கும்போது கெர்னல் நம்மைக் காத்திருக்க வைத்துவிட்டுப் பழைய பக்கங்களை விடுவிக்கப் பார்க்கும். ஸ்பின்லாக் (மற்ற சிபியுக்களைச் சுற்றிக்கொண்டே காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதோ, சாதனம் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ அப்படிக் காத்திருக்கவே கூடாது. அங்கே ஜிஎஃப்பி அட்டாமிக்தான். அது காத்திருக்காது, அவசரச் சேமிப்பிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் எளிதில் தோற்றும் போகும். என் பழக்கம், தேவையான பஃபரை டிரைவர் தொடங்கும் ப்ரோப் கட்டத்திலேயே வாங்கி வைத்துவிடுவது. அப்போது இன்டரப்டில் எதையும் கேட்கவே வேண்டியதில்லை.

அடுத்தது அளவு. இங்கேதான் நான் நன்றாக அடிபட்டேன்.

ஓர் அளவீட்டு அட்டைக்கு டிரைவர் எழுதியிருந்தேன். சாதனக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 64 கேபி தரவும் 24 பைட் தலைப்பும் சேர்ந்த ஒரே ஸ்ட்ரக்டை கேமாலோக் செய்தது. சோதனையில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒன்பதாவது நாள் திறப்பு தோல்வியடைந்தது. லாகில் 'பேஜ் அலோகேஷன் ஃபெய்லியர், ஆர்டர் 5' என்று இருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஜிபிக்கு மேல் ராம் காலியாக இருந்தது!

ஆர்டர் என்பது இரண்டின் அடுக்கு. 4 கேபி பக்கங்கள் உள்ள கணினியில் ஆர்டர் 4 என்றால் ஒட்டியபடி 16 பக்கம், அதாவது 64 கேபி. 8 கேபிக்கு மேல் போகும் கேமாலோக், சிறு துண்டுகளைக் கொடுக்கும் ஸ்லாபைத் தாண்டி நேராகப் பக்க ஒதுக்கீட்டுக்குப் போய்விடும், அங்கே அளவு அடுத்த அடுக்குக்கு உயர்த்தப்படும். தலைப்பின் 24 பைட்டால் என் கோரிக்கை 64 கேபியைத் தாண்டி 128 கேபியாகிவிட்டது. பாதி வீண். அதைவிட மோசம், ஒட்டியபடி 32 பக்கம் வேண்டியதாகிவிட்டது. ப்ராக் அடியில் இருக்கும் படிஇன்ஃபோ (/proc/buddyinfo) கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை துண்டு காலி என்று அது காட்டும். முதல் சில பத்திகளில் ஆயிரக்கணக்கில் எண்கள், ஆறாவது பத்தியிலிருந்து, அதாவது ஆர்டர் 5இலிருந்து, வெறும் பூஜ்யம். காலி இடம் இருந்தது, ஆனால் சில்லறையாக இருந்தது. கெர்னல் பக்கங்களை நகர்த்திச் சேர்க்கப் பார்க்கும்தான், ஆனால் நகர்த்த முடியாத பக்கம் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அந்தத் துண்டு கிடைக்காது. ஆர்டர் 3க்கு மேல் கேட்பவர்களுக்காகக் கெர்னல் பெரிதாக மெனக்கெடவும் செய்யாது.

திருத்தம் சின்னதுதான். தலைப்பைத் தனியாக கேமாலோக் செய்தேன், 32 பைட் ஸ்லாபில் அடங்கிவிட்டது. தரவுக்கு கேவிமாலோக். 2017இல் லினக்ஸ் 4.12இல் வந்த வசதி இது. முதலில் ஒட்டிய பக்கங்களைத் தேடும், கிடைக்காவிட்டால் விமாலோக் வழியாகச் சிதறிய பக்கங்களையே தொடர்ச்சியான முகவரியாகக் கோத்துத் தரும். விடுவிக்கும்போது மறக்காமல் கேவிஃப்ரீ போட வேண்டும். கேஃப்ரீ போட்டால், விமாலோக் வழியாக வந்த அன்றைக்குத்தான் பிரச்சினை வெடிக்கும்.

ஒரு நிபந்தனை உண்டு. என் பஃபரைத் தொட்டது சிபியு மட்டும்தான். அதனால் சிதறிய பக்கம் சரியாக இருந்தது. சாதனமே சிபியு இல்லாமல் டிஎம்ஏ மூலம் நேராக ராமில் எழுதும் பஃபர் என்றால் டிஎம்ஏ அலோக் கோஹெரன்ட் போன்ற டிஎம்ஏ வசதிகள் வழியாகவே வாங்குங்கள். ஸ்டாக்கில் இருக்கும் உள்ளூர் அரேயைச் சாதனத்திடம் கொடுக்கவே வேண்டாம். 64 பிட் எக்ஸ்86இல் கெர்னல் ஸ்டாக் மொத்தமே 16 கேபிதான். அதுவும் விமாலோக் பகுதியில் இருக்கலாம், அப்படி இருந்தால் சாதனத்துக்கான முகவரிக் கணக்கே தவறிவிடும்.

எண்ணிக்கை யூசரிடமிருந்து வருகிறதா? பெருக்கலை நீங்களே செய்யாதீர்கள். 32 பிட் கணினியில் ஒருவர் 268435457 என்று அனுப்புகிறார், ஒவ்வொன்றும் 16 பைட் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் எண் நிரம்பி வழிந்து மிச்சம் 16தான் நிற்கும். கேமாலோக் சந்தோஷமாக 16 பைட் கொடுக்கும், உங்கள் லூப் கோடிக்கணக்கான உறுப்புகளை எழுதக் கிளம்பும். கேமாலோக் அரே என்று எழுதினால் வழிவதைக் கண்டுபிடித்து நல் (NULL, மெமரி இல்லை என்று சொல்லும் வெற்று முகவரி) திருப்பித் தரும். ஒரே சொல் மாற்றம், இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

யூசருக்கு நகலெடுத்துக் கொடுக்கப்போகும் பஃபர் என்றால், பூஜ்யம் நிரப்பிக் கொடுக்கும் கேஸாலோக். பூஜ்யம் நிரப்பாமல் கொடுத்தால், அந்த இடத்தில் முன்பு இருந்த வேறொருவரின் தகவல் வெளியே போய்விடும்.

அப்புறம், நல் வந்தால் என்ன ஆகும் என்பதை நிஜமாக ஓட்டிப் பாருங்கள். தோல்விப் பாதை சாதாரண ஓட்டத்தில் அநேகமாக வரவே வராது. மெமரி கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாப், ஃபெயில் பேஜ் அலோக் இரண்டையும் இயக்கிக் கெர்னலைக் கட்டுங்கள். எத்தனை சதவீதக் கோரிக்கைகள் தோற்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். கூடவே கசிவைப் பிடிக்கும் கேமெம்லீக்கும், தவறான மெமரித் தொடுதலைப் பிடிக்கும் கேசானும் ஓடட்டும். நான் 10 சதவீதத்தில் வைத்து, சாதனக் கோப்பைத் திறந்து மூடுவதை ஓர் இரவு முழுக்க ஓட விடுவேன். காலையில் லாகில் கசிவோ பிழையோ ஒரு வரிகூட இல்லையென்றால்தான் பேட்சை அனுப்புவேன்.