முதல் தலைமுறை ஆய்வாளருக்கு ஆய்வு நெறியாளர் (கைடு) செய்ய வேண்டியவை

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த தலித், பழங்குடி மாணவர் அரசியல் அறிவியலில் பி.எச்டி. சேர்ந்தால், முதல் வாரமே உதவித்தொகைக்கு வழி பாருங்கள். நூலகத்தில் தேங்கும் ஆய்வைவிட அலுவலகத்தில் தேங்கும் ஆய்வுதான் அதிகம்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) முதல் 2 ஆண்டுகள் மாதம் ரூ.37,000, பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ரூ.42,000. மாதந்தோறும் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் வரும். அதைச் செய்யும் எழுத்தர் விடுப்பில் போனால் மாணவரின் அறை வாடகை நிற்கும். ஒவ்வொரு மாதமும் நீங்களே அலுவலகத்தில் கேளுங்கள். மாணவர் தனியாகப் போனால் 'நாளைக்கு வா' என்பார்கள். எஸ்ஆர்எஃப் உயர்வுக்கு வெளி வல்லுநர் ஒருவர் உள்ளிட்ட குழு மதிப்பிட வேண்டும். 22ஆம் மாதமே அவரிடம் தேதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது தலைப்பு. 'தலித் அரசியல் அதிகாரம்' என்று எழுதிவருவார். அடித்துவிடாதீர்கள், சேர்ந்து உட்கார்ந்து சுருக்குங்கள். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கான தனித்தொகுதியான பின், 1996 முதல் 2006 வரை மனுத்தாக்கல் செய்ய ஆளில்லாமலோ, வென்றவர் உடனே விலகியோ பதவி காலியாகக் கிடந்தது. மற்றப் பல தனி ஊராட்சிகளில் தேர்தல் நடந்ததே, இங்கே மட்டும் ஏன் இல்லை? இந்தக் கேள்வியில் ஒப்பீடும் இருக்கிறது, கோட்பாட்டுக்கும் இடமிருக்கிறது. அதே சமயம், வெளியுறவுக் கொள்கையில் ஆர்வமுள்ளவரைச் சாதி ஆய்வுக்குத் தள்ளுவது பெரிய அநியாயம்.

தமிழ்வழியில் படித்தவருக்கு வாரம் ஒரே ஒரு ஆங்கிலக் கட்டுரை போதும். ஆசிரியர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், என்ன ஆதாரம் தருகிறார் என்று முதலில் தமிழில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலம் அதற்குப் பிறகு. சிந்தனை தெளிந்தபின் மொழி தானாக வரும். திருத்தும்போது பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால் அடுத்த வரைவு வரவே வராது. ஒரு வரைவுக்கு ஒரு வகைப் பிழை, அவ்வளவுதான்.

ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் கமிட்டி கூட்டத்துக்கு 3 நாள் முன்பு 15 நிமிட ஒத்திகை வையுங்கள். கடினமான கேள்விகளை நீங்களே கேளுங்கள்.

யுஜிசியின் 2022 விதிகளில் காலவரம்பு 6 ஆண்டு. மறுபதிவில் மேலும் 2 கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளோருக்கும் இன்னொரு 2 ஆண்டு உண்டு. பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்புக்குப் பெண்களுக்கு 240 நாள் விடுப்பும் உண்டு. இதையெல்லாம் பதிவு செய்யும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.