கொலம்பஸுக்கு ஒரு நாள் பயணம்: ஊரும் மணியும் தவறாமல் போய்ச் சேருவது எப்படி

ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நயாகராவுக்கு அழைத்துப் போவது அமெரிக்காவில் நம் வீடுகளின் எழுதாத சட்டம். என் அப்பாவுக்கு அது இரண்டு முறை நிறைவேறிவிட்டது. மூன்றாவது முறை வந்தபோது, "அருவி போதும், கட்டடம் ஏதாவது இருந்தால் காட்டு" என்றார். அவர் பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்படித்தான் இண்டியானா மாநிலத்தின் கொலம்பஸ் எங்கள் பட்டியலில் ஏறியது. முதல் பயணத்தில் இரண்டு இடங்களில் சறுக்கினேன். இப்போது மூன்று முறை போய்வந்தாயிற்று. சிகாகோ பக்கமிருந்து வயதானவர்களோடும் குழந்தைகளோடும் காரில் போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

அந்த ஊரில் என்ன இருக்கிறது? இண்டியானாபொலிசிலிருந்து தெற்கே சுமார் 45 மைல். மக்கள்தொகை ஏறக்குறைய 50,000. கம்மின்ஸ் டீசல் இன்ஜின் கம்பெனி 1919இல் இங்கேதான் பிறந்தது. அதன் தலைவராக இருந்த ஜே. இர்வின் மில்லர் 1950களில் ஊருக்கு ஒரு யோசனை சொன்னார்: பள்ளிக்கூடம் கட்டப் போகிறீர்களா, நாங்கள் தரும் பட்டியலிலிருந்து ஒரு நல்ல கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுத்துவிடும். அந்தத் திட்டத்தின் முதல் பள்ளியை ஹாரி வீஸ் 1957இல் கட்டிக் கொடுத்தார். பிறகு தீயணைப்பு நிலையம், தபால் நிலையம் என்று அது பரவியது. தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி பெற்ற ஏழு கட்டடங்கள் இந்தச் சின்ன ஊரில் இருக்கின்றன. "குறைந்த தொகைக்கு டெண்டர் கேட்டவன் கையில் கொடுக்காமல் விட்டார்களே" என்பது அப்பாவின் தீர்ப்பு.

படி 1: எந்தக் கொலம்பஸ்?

அறை முன்பதிவு செய்யும் தளங்களில் ஊர்ப்பெயரை அடித்தால் முதலில் வந்து நிற்பது ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸ். நான் பெயரைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், பணத்தைக் கட்டிவிட்டேன். கிளம்புவதற்கு முந்தின இரவு முகவரியைக் காரில் பதிவு செய்தபோதுதான் அது கிழக்கே திரும்பச் சொன்னது. ரத்து செய்யும் கெடு முடிந்திருந்தது. ஓர் இரவு வாடகை போனது போனதுதான். இந்த இரண்டு கொலம்பஸுக்கும் இடையே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அன்றிலிருந்து ஊர்ப்பெயரை நம்புவதை விட்டுவிட்டேன். அஞ்சல் குறியீட்டு எண்ணை அடியுங்கள்: 47201. மறுநாள் போகப் போகும் நாஷ்வில்லுக்கும் இதே வைத்தியம்தான், 47448. அதையும் பெயர் சொல்லித் தேடினால் டென்னசி மாநிலத்தின் பெரிய நாஷ்வில் வந்து நிற்கும்.

படி 2: முதலில் மில்லர் வீடு, பிறகுதான் மற்றதெல்லாம்

மில்லர் குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பார்க்கத் தேதி கிடைத்த பிறகே விடுப்பு எடுங்கள், அறை பதிவு செய்யுங்கள். ஒரு நடைக்குச் சிலரை மட்டுமே அழைத்துப் போகிறார்கள்; டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வீடு பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு. டிக்கெட் விற்பதும், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதும் ஐந்தாம் தெருவிலுள்ள பார்வையாளர் மையம்தான். நேராக வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

1957இல் கட்டிய வீடு. வடிவமைத்தவர் ஈரோ சாரினன்; உள்ளலங்காரம் அலெக்சாண்டர் ஜிரார்டு; தோட்டம் டான் கைலி. கூடத்தின் நடுவே தரையைச் சதுரமாகத் தாழ்த்தி, சுற்றிலும் மெத்தை போட்டு உட்காரும் பள்ளம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதன் மெத்தை உறைகளைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுவார்களாம். முற்றத்து வீட்டில் வளர்ந்த அம்மாவுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது: "இது முற்றம்தான், மழை மட்டும் விழாது." உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. வருத்தப்படாதீர்கள், படம் எடுக்கிற கை சும்மா இருந்தால்தான் கூரையிலிருந்து தூண்களை ஒட்டி வழியும் வெளிச்சம் கண்ணில் படும்.

படி 3: கடிகாரம் (இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்)

நான் மில்லர் வீட்டை இரண்டாவது பயணத்தில்தான் பார்த்தேன். முதல் பயணத்தில் கோட்டைவிட்ட கதை இது.

எங்கள் டிக்கெட் காலை 11 மணிக்கு. சிகாகோ புறநகரிலிருந்து வழியில் ஒரு முறை நிறுத்தினாலும் நான்கு மணி நேரம் போதும். காலை 6:40க்குக் கிளம்பினோம். இண்டியானாவின் பெரும்பகுதி கிழக்கு நேரத்தில் இருக்கிறது, சிகாகோவைவிட ஒரு மணி நேரம் முன்னால், என்று எங்கேயோ படித்த நினைவு இருந்தது. அதனால் மாநில எல்லையில் வரவேற்புப் பலகையைக் கடந்ததும் மனைவியிடம் கைபேசியைப் பார்க்கச் சொன்னேன். மணி மாறவில்லை. சரி, கோடைக்காலத்தில் ஒன்றாகிவிடும் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணத்தைச் செய்துகொண்டேன். கைபேசி கைப்பைக்குள் போய்விட்டது.

இங்கேதான் கண்ணி. சிகாகோவை ஒட்டிய இண்டியானாவின் வடமேற்கு மூலை சிகாகோ நேரத்தையே பின்பற்றுகிறது. எல்லையில் எதுவும் மாறாது. 65ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், ஜாஸ்பர் கவுண்டி முடிந்து வைட் கவுண்டி தொடங்கும் இடத்தில்தான் மணி ஒன்று கூடுகிறது. சோளக்காட்டு நடுவே அது நிகழ்வது யாருக்கும் தெரிவதில்லை.

என் காரின் கடிகாரம் கையால் மாற்ற வேண்டிய ரகம். அது 10:40 காட்டியபோது பார்வையாளர் மையத்துக்குள் பெருமையாக நுழைந்தேன். மேசையிலிருந்த பெண்மணி மிகுந்த மரியாதையோடு, வண்டி நாற்பது நிமிடத்துக்கு முன்பே போய்விட்டது என்றார். நான் வாதாடத் தயாரானேன். அதற்குள் என் மகள் வெளியே ஓடிப்போய் எதிர்ப்பக்கத்துத் தேவாலயக் கோபுரத்திலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "அப்பா, அங்கேயும் 11:40தான்." அம்மா, போன ஒரு மணி நேரம் எங்கே போனது என்று திரும்பும் வழியிலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே செய்ய வேண்டியது: கிளம்பும் முன்பே வீட்டு வாசலில் கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுங்கள். நாள் முழுவதும் அந்தக் கணக்கிலேயே பேசுங்கள். வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் மாற்ற மாட்டீர்கள். அடையாளம் வேண்டுமென்றால், சாலையின் இருபுறமும் காற்றாலைகள் கூட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும் வட்டாரம்தான் அது. முப்பந்தல் வழியாக வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் போய்வந்த அப்பா, அங்கே கண்ணாடியை இறக்கிவிட்டு, "காற்று மட்டும் நம்மூர் அளவுக்கு இல்லை" என்றார்.

படி 4: நடை

பார்வையாளர் மையத்தில் அச்சிட்ட வரைபடம் வாங்குங்கள். கைபேசி வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு இந்த ஊரில் நடப்பது எனக்குப் பிடிக்காது; தலை குனிந்தே இருக்கும், பார்க்க வேண்டியதெல்லாம் மேலே இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் என்றால் மையமே நடத்தும் பஸ் சுற்றுலாவில் ஏற்றிவிடுங்கள். அதற்கும் முன்பதிவு நல்லது.

ஐந்தாம் தெருவிலேயே தொடங்கலாம். என் மானத்தை வாங்கிய கடிகாரக் கோபுரம் முதல் கிறித்தவத் தேவாலயத்துடையது. 1942இல் எலியல் சாரினன் கட்டியது, உயரம் 166 அடி. மில்லர் வீட்டைக் கட்டிய ஈரோவின் தந்தை அவர். ஊரின் வடக்கே, 192 அடிக் கூம்பு வானத்தைக் குத்தி நிற்கும் வடக்குக் கிறித்தவத் தேவாலயம் மகன் வரைந்தது. 1964இல் அது முடிந்தபோது ஈரோ உயிரோடு இல்லை. தந்தை கட்டியதைக் காலையிலும் மகன் கட்டியதை மாலையிலும் பாருங்கள். என் அப்பா முதல் தேவாலயத்தின் செங்கல் சுவரைக் கையால் தடவி, பூச்சு இல்லாமல் இவ்வளவு நேராகக் கட்டியவர்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கட்டடக் கலைஞர் பெயர் எதையும் அவர் கேட்கவில்லை. கொத்தனார் யார் என்றுதான் கேட்டார்.

எதிரே ஐ.எம். பெய் வடிவமைத்த நூலகம், 1969. முன்றிலில் ஹென்றி மூரின் 20 அடி உயர வெண்கல வளைவு. அதன் அடியில் புகுந்து நடக்கலாம். நூலகத்துக்குள் போங்கள். கழிப்பறை, குடிநீர், குளிர்ச்சி எல்லாம் உண்டு. இந்த ஊரின் சிறப்பே அதுதான்: காட்சிப்பொருள் என்று கயிறு கட்டி வைக்காமல், பிள்ளைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற இடமாக வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வாஷிங்டன் தெரு. மூலையில் 1954இல் ஈரோ கட்டிய கண்ணாடி வங்கி. பிறகு அது கருத்தரங்கக் கூடமானது, வெளியிலிருந்து பார்த்தால் போதும். அதே தெருவில் காமன்ஸ் என்ற பொதுக்கூடத்துக்குள் ழான் டாங்கேலி செய்த 30 அடி இயந்திரச் சிற்பம் நிற்கிறது, 1974ஆம் ஆண்டு வைத்தது. அது அசையும் நேரம் வரை காத்திருக்க வேண்டும் என்றில்லை. குழந்தைகளுக்கு அருகிலேயே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பிரம்மாண்டமான கழிப்பறைக் கோப்பைக்குள் இறங்கிச் சறுக்கி வெளியே வரலாம். எட்டு வயது மகளுக்கு அந்தப் பயணத்தில் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

நீதிமன்றத்துக்கு அருகே போர்வீரர் நினைவிடத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். 40 அடி உயரத்தில் 25 சுண்ணாம்புக்கல் தூண்கள். நடுவே நுழைந்தால், இறந்துபோன வீரர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தூண்களில் செதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாத அம்மா, "என்ன எழுதியிருக்கிறது, படி" என்றார். ஒன்றை மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டாவதைக் கேட்கவில்லை, போகலாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

படி 5: சாப்பாடு

மதியத்துக்கு வீட்டிலிருந்தே தயிர்சாதமும் எலுமிச்சைசாதமும் கட்டிக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. சைவப் பெற்றோரோடு புது ஊரில் ஓட்டல் தேடி அலைவது பொழுதைத் தின்றுவிடும். ஐந்தாம் தெருவின் மேற்குக் கோடியில் மில் ரேஸ் பூங்கா இருக்கிறது. ஆற்றங்கரை, நிழல், ஒரு கோபுரம்.

பிறகு வாஷிங்டன் தெருவுக்குத் திரும்பி ஜஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை. கிரேக்கச் சகோதரர்கள் 1900இல் தொடங்கியது. 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியிலிருந்து வந்த ஓனிக்ஸ் கல் சோடா ஊற்றுகளும், தானே வாசிக்கும் பழைய ஜெர்மன் ஆர்கனும் இன்னும் இருக்கின்றன. ஆர்கன் ஒலிக்கத் தொடங்கியதும் அப்பா ஐஸ்கிரீமை உருகவிட்டுவிட்டு எழுந்து போய்ப் பின்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

படி 6: இரவு தங்கினால்

மறுநாள் 46ஆம் எண் சாலையில் மேற்கே பதினேழு மைல் போனால் நாஷ்வில், அதை ஒட்டி பிரவுன் கவுண்டி மாநிலப் பூங்கா. இண்டியானாவின் மாநிலப் பூங்காக்களில் இதுவே பெரியது. அக்டோபர் நடுவிலிருந்து இலைகள் சிவக்கும். அந்தச் சனி, ஞாயிறுகளில் சாலை முழுக்கக் கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். வாரநாளில் போங்கள்; முடியாவிட்டால் காலை எட்டு மணிக்குள் வாசலில் இருங்கள். கட்டணம் காருக்கு, வெளிமாநில எண்பலகை என்றால் கொஞ்சம் கூடுதல்.

பின்சேர்க்கை 1: இண்டியானாபொலிசிலிருந்து போகிற ஒரு வாசகர், மூன்றாவது படியைப் படித்துக் கார் கடிகாரத்தைத் தள்ளி வைத்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றாராம். மன்னிக்கவும். அங்கிருந்து போனால் நேரம் மாறாது. சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் லூயிஸ் பக்கமிருந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் படி.

பின்சேர்க்கை 2: கோயில் உண்டா என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். இண்டியானாபொலிசின் கிழக்குப் பக்கத்தில் மத்திய இண்டியானா இந்துக் கோயில் இருக்கிறது. வீடு திரும்பும் வழியில் சற்றே விலகிப் போக வேண்டும். நடை திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கே திரும்பும்போது ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும் அல்லவா, நாங்கள் அதைக் கோயிலுக்குச் செலவழித்தோம். போன மணி எங்கே போனது என்ற கேள்வியை அம்மா அதோடு நிறுத்திக்கொண்டார்.

பின்சேர்க்கை 3: இரண்டு குடும்பமாகப் பெரிய வேன் எடுத்துப் போனவர்கள் மாநிலப் பூங்காவின் வடக்கு வாசலில் திரும்ப வேண்டியதாயிற்று என்று எழுதியிருந்தார்கள். அந்த வாசலில் 1838இல் கட்டிய கூரை போட்ட மரப்பாலம் இருக்கிறது. உயரமான வண்டி அதற்குள் நுழையாது. மேற்கு வாசலுக்குப் போங்கள். ஆனால் சின்னக் காரில் போகிறவர்கள் வடக்கு வாசலையே எடுங்கள். உள்ளே இரண்டு தடம் பிரித்திருக்கும், மெதுவாகப் போனால் பலகைகள் சத்தம் போடுவது கேட்கும்.